ஹோம்ஸ்கூலிங் தொடங்கும் கிறிஸ்தவப் பெற்றோரே, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்

நாங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று தெரிந்ததும் சபையில் பலரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கரிக்குலம் (பாடத்திட்டப் புத்தகத் தொகுப்பு) நல்லது?" இன்பாக்ஸிலும் இதே கேள்வி. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்று நான் சொன்னால் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில், ஏன் தொடங்குகிறீர்கள் என்று கணவனும் மனைவியும் பேசி, ஜெபித்து, ஒரு தாளில் எழுதுங்கள். கெட்ட சகவாசம், கெட்ட வார்த்தை, பரிணாமக் கொள்கை, போன் என்று அந்தத் தாள் முழுக்கப் பயமாகவே இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பயம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே கொண்டுவருவதோடு பயத்தின் வேலை முடிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. தவிர, பொல்லாத சிந்தனைகள் மனுஷனுடைய இருதயத்திலிருந்தே புறப்படுகின்றன என்று இயேசு சொன்னதை (மாற்கு 7) நம்புகிற நாம், பள்ளி வாசலைத் தாண்டவிடாமல் வைத்திருந்தால் பிள்ளை பரிசுத்தமாக வளர்ந்துவிடும் என்று எப்படி நம்ப முடியும்? கோபமும் பொய்யும் போட்டியும் நம் சாப்பாட்டு மேஜையிலும் உண்டு. இனி நாள் முழுக்க உண்டு.

இந்த இடத்தில் எல்லாரும் உபாகமம் 6-ஐ எடுப்பார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளிடம் தேவனுடைய வார்த்தைகளைப் பேசு என்ற பகுதி. எனக்கும் பிடித்த பகுதிதான். ஆனால் அதைக் காட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற விசுவாசிகளைக் குற்றவாளிகளாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கட்டளை எல்லாப் பெற்றோருக்கும் உரியது. பள்ளிக்கு அனுப்பினாலும் அதைச் செய்யலாம், வீட்டில் வைத்துக்கொண்டும் செய்யாமல் போகலாம். அதற்கு முந்தின வசனம், இந்த வார்த்தைகள் முதலில் உன் இருதயத்தில் இருக்கட்டும் என்கிறது. அட்டையில் சிலுவைப் படம் போட்ட கணக்குப் புத்தகம் அந்த வேலையைச் செய்யாது. பின்னக் கணக்கைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போடும் பிள்ளையிடம் அம்மாவின் குரல் எப்படி இருக்கிறது, கத்திவிட்ட பிறகு போய் மன்னிப்புக் கேட்கிறாளா என்பதிலிருந்துதான் அந்தப் பிள்ளை சுவிசேஷத்தைப் படித்துக்கொள்கிறது.

அடுத்து, சட்டம். இதில் விசுவாசத்தின் பேரில் அசட்டையாக இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு. ஆனால் டெக்சாஸில் யாருக்கும் அறிவிக்கக்கூடத் தேவையில்லை, நியூயார்க்கிலோ காலாண்டு அறிக்கையே கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்கி, பிறகு பிள்ளை தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வையும் எழுத வேண்டும். ஜெர்மனியில் பொதுவாக அனுமதியே இல்லை. மத நம்பிக்கையைக் காரணம் காட்டிப் போன ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் முறையீட்டை 2006-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்கவில்லை. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியை அரசு இணையதளத்திலேயே படியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவலை நம்பிப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். பள்ளியிலிருந்து எடுப்பதென்றால் எழுத்து மூலமாகக் கடிதம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்தத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடியும் என்பதையும் இப்போதே விசாரியுங்கள். பதினைந்து வயதில் விசாரித்தால் தாமதம்.

சரி, எப்படி நடத்துவது? பள்ளியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து மணி அடிப்பது வேண்டாம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குக் கொஞ்ச காலம் மூச்சுவிட இடம் கொடுங்கள். வேதவாசிப்பு, ஜெபம், சத்தமாகக் கதை வாசித்துக் காட்டுவது, கொஞ்சம் கணக்கு, வெளியே விளையாட்டு. தொடக்கத்தில் இவ்வளவே போதும். இங்கிலாந்தில் வாழ்ந்த கிறிஸ்தவக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று சொன்னவர். வாசித்ததைப் பிள்ளையே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய இன்னொரு முறை. யோசேப்பின் கதையை வாசித்துவிட்டு, "இப்போ நீ சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். எது மனதில் நின்றது, எது நழுவியது என்று உடனே தெரிந்துவிடும். தேர்வுத் தாளே வேண்டாம்.

நம் சபைகளில் சூசன்னா வெஸ்லியின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய சகோதரர்கள் ஜான், சார்லஸ் வெஸ்லியின் தாய். 19 பிள்ளைகளைப் பெற்று, அதில் ஒன்பது பேரைக் குழந்தையிலேயே இழந்தவர். ஐந்து வயது முடிந்த மறுநாள் எழுத்துகள், அப்புறம் நேராக ஆதியாகமம் முதல் அதிகாரம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரப் பள்ளி என்று அவர் வீட்டில் கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. பிரசங்கங்களில் இந்தக் கண்டிப்பைத்தான் அதிகம் சொல்லுவார்கள். கேட்டுவிட்டு வருகிற இளம் தாய்மார் குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆளான பிறகும் அந்த வியாழக்கிழமையை ஜான் மறக்கவில்லை. ஆறு மணி நேரப் பள்ளி நம்மால் ஆகாது. ஒரு மாலை ஆகும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. "வீட்டுக்குத் தலைவன் நான், பாடம் நடத்துவது அவள்" என்ற ஏற்பாடு மனைவியைச் சீக்கிரம் படுக்கவைத்துவிடும். ஒரு பாடத்தையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பாத்திரம் கழுவுங்கள்.

கணக்கையும் அறிவியலையும் ஆவிக்குரிய காரியங்களின் பேரில் ஒதுக்குகிற பழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. "வசனம் எல்லாம் மனப்பாடம், மற்றது கர்த்தர் பார்த்துக்கொள்வார்." பதினாறு வயதுப் பையன் ஒரு விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பத் தெரியாமல் நிற்பதில் தேவனுக்கு என்ன மகிமை? பரிணாமக் கொள்கையை நீங்கள் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் அது என்ன சொல்கிறது என்று பிள்ளைக்கு நேர்மையாகச் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் கல்லூரியில் முதல் மாதமே, "அப்பா அம்மா என்னிடம் எதையெல்லாம் மறைத்தார்கள்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

"பிள்ளை யாரோடும் பழகாதே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் பதில் வாயளவில் இருக்கக் கூடாது. ஞாயிறு பள்ளி மட்டும் போதாது, நம் விசுவாசத்தில் இல்லாத பிள்ளைகளோடும் விளையாட வேண்டும். அக்கம்பக்கம், விளையாட்டுக் குழு, நூலகம், எதுவானாலும் சரி.

என்ன படித்தோம் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எழுதிய தாள்களில் சிலவற்றைக் கோப்பில் சேருங்கள். அதிகாரி கேட்டாலும் உதவும், பள்ளிக்குத் திரும்ப வேண்டி வந்தாலும் உதவும். ஆமாம், திரும்பலாம். கர்த்தர் அழைத்தார் என்று சபை முன் சாட்சி சொல்லிவிட்டோமே என்பதற்காக, நடக்காத ஒன்றை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு வருட முடிவிலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக யோசியுங்கள். மூத்தவளுக்கு வீடு, இளையவனுக்குப் பள்ளி என்று முடிவானால் அப்படியே செய்யுங்கள். போதகரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.