தயிர் முட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஊசிப் பேனைகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில், தயிர் முட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஊசிப் பேனைகள் இருக்கின்றன. ஒன்று அம்மாவின் எலும்பு மருந்தான டெரிபாரடைட். குளியலறையில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டு எலும்பொன்று நசிந்தபின் எழுதிக்கொடுக்கப்பட்டது. மற்றது நீரிழிவுக்கும் உடல் எடைக்குமாக அக்கா போட்டுக்கொள்ளும் செமக்ளூடைட். சென்ற கிழமை வந்திருந்த மாமி இரண்டையும் பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டும் பெப்டைட் ஊசிதானே? அக்காவுக்குக் கிழமைக்கு ஒருக்கா எண்டால், அம்மாவுக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு நாளும் குத்திறியள்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. பெப்டைட் என்ற சொல் இப்போது அழகு நிலையம் முதல் உடற்பயிற்சிக்கூடம் வரை ஏதோ ஒரே மருந்தின் பெயரைப்போல் புழங்குகிறது. உண்மையில் அது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. டெரிபாரடைட்டில் 34 அமினோ அமில மணிகள், செமக்ளூடைட்டில் 31. வாயால் விழுங்கினால் மீனையும் பருப்பையும் போலவே வயிறு அவற்றையும் செரித்துவிடும் என்பதால்தான் இரண்டும் ஊசியாக வருகின்றன. (செமக்ளூடைட் மாத்திரையாகவும் உண்டு; அதற்குள் உறிஞ்சலுக்கு உதவும் வேறொரு பொருளைச் சேர்த்து, வெறும் வயிற்றில் சிறிதளவு நீருடன் விழுங்கச் சொல்கிறார்கள்.)

ஒற்றுமை அத்துடன் முடிகிறது. கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பியின் ஹோர்மோனில் உள்ள 84 அமினோ அமிலங்களில் முதல் 34 தான் டெரிபாரடைட். அந்த ஹோர்மோன் இரத்தத்தில் ஓயாமல் மிகுந்திருந்தால் எலும்பு கரையும். அச்சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்பவர்களுக்கு நடப்பது அதுவே. அதே பொருளை நாளுக்கு ஒருமுறை 20 மைக்கிரோகிராம் ஏற்றினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய தட்டலில் எலும்பைக் கட்டும் கலங்கள் விழித்துக்கொள்கின்றன. வந்த வேகத்தில் போய்விடுவதே அதன் மருத்துவக் குணம். கிழமை முழுவதும் உடலில் தங்கும்படி அதை மாற்றினால் கட்டுவதை விட்டு இடிக்கத் தொடங்கிவிடும் என்று மாமிக்குச் சொன்னேன்.

செமக்ளூடைட்டின் கதை நேர்மாறானது. அது பின்பற்றும், குடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். வேதியியலாளர்கள் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, ஒரு கொழுப்பமிலத்தைக் கிளையாக இணைத்து, இரத்தத்தின் அல்புமின் என்ற புரதத்தில் அது தொங்கிக்கொண்டு ஒரு கிழமையளவு தங்கும்படி செய்தார்கள். குளுக்கோசு கூடியிருக்கும்போது இன்சுலினைத் தூண்டுவதும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதும், பசியை அடக்குவதும் அதன் வேலை. எலும்பு தேய்ந்து மெலிந்த முதியவருக்குப் பசியையும் குறைத்தால் என்ன மிஞ்சும்? வேகமாக எடை இறங்கும்போது கொழுப்புடன் தசையும் போகிறது. ஆகவே இவற்றில் எது நல்லது என்ற கேள்வியை விட, ஒன்றின் விதியை மற்றதற்குப் பொருத்துவதே எனக்கு அச்சம் தருகிறது.

பாதுகாப்பிலும் அப்படித்தான். திறந்த செமக்ளூடைட் பேனையைச் சில வாரங்கள் 30 பாகைக்குள் வெளியிலும் வைக்கலாம். டெரிபாரடைட் எப்போதும் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். தொடங்கி 28 நாளானால் மிச்சம் இருந்தாலும் எறியவேண்டும். 2022 இன் 13 மணிநேர மின்வெட்டை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

எனக்கு உண்மையான மனக்குறை வேறு. இரண்டு மருந்துத் துண்டுகளிலும் எவ்வளவு போடவேண்டும் என்று இருந்தது. எப்போது, எப்படி நிறுத்துவது என்று ஒரு வரிகூட இல்லை. டெரிபாரடைட் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கப்படுவதில்லை. முடிந்ததும் வேறோர் எலும்பு மருந்து தொடராவிட்டால் கட்டிய எலும்பு மெல்லக் கரைந்துவிடும். செமக்ளூடைட்டில், 68 கிழமைகள், கிழமைக்கு 2.4 மில்லிகிராம் போட்டவர்கள் சராசரியாக 15 வீதமளவு எடை இழந்த ஆய்வின் தொடர்ச்சியாக, நிறுத்தி ஓராண்டுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதும் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்குபவருக்கு முதல் நாளே சொல்லவேண்டிய செய்தி இது அல்லவா?

அடுத்த கிளினிக்கில் நானே கேட்டு, தொடங்கிய மாதம், முடியும் மாதம், அதன்பின் வரும் மருந்து ஆகியவற்றை அம்மாவின் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அக்காவின் கொப்பியில் அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.