சாட்பாட் சொன்னால் தேர்தல் ஆணையமே சொன்ன மாதிரியா?

ஒருவர், “தேர்தல் தொடர்பான கடைசித் தேதியைச் சாட்பாட்டிடமே கேளுங்கள், அது தேர்தல் ஆணையத் தளத்தைப் பார்த்துத்தான் சொல்லும், தப்பாகாது” என்று எழுதியிருக்கிறார். இது பாதி உண்மைகூட இல்லை.

தேர்தல் அலுவலகங்களே நடத்தும் சில சாட்பாட்கள், அதிகாரிகள் முன்கூட்டியே எழுதி வைத்த பதிலைத்தான் எடுத்துக் கொடுக்கும். அது வேறு ரகம். நாம் தினமும் பேசும் பொதுச் சாட்பாட்கள் சொற்களைக் கோத்துப் பதிலை உருவாக்குபவை. இணையத்தில் தேடிப் பார்த்தாலும் பழைய பக்கத்தையோ வேறொரு ஊரின் விதியையோ எடுத்துக் கலந்துவிடலாம். அப்போதும் குரலில் தயக்கம் இருக்காது, அதுதான் வம்பு.

2024 ஜூலை 21-ல் பைடன் அமெரிக்க அதிபர் போட்டியிலிருந்து விலகினார். உடனே எக்ஸ் தளத்தின் சாட்பாட்டான குரோக், 9 மாநிலங்களில் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் சேர்க்கும் கெடு முடிந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தது. எந்த மாநிலத்திலும் அப்படி முடியவில்லை. திருத்தம் வந்தது ஜூலை 31-ல்தான். ஆகஸ்டில் 5 மாநிலச் செயலர்கள் (அங்கே தேர்தலைக் கவனிக்கும் மாநில அதிகாரிகள்) எக்ஸ் உரிமையாளர் ஈலான் மஸ்க்குக்குக் கடிதம் எழுதினார்கள். அப்புறம்தான் தேர்தல் கேள்விகளுக்கு வோட்.காவ் என்ற அரசுத் தளத்தைப் பார்க்கச் சொல்லி குரோக்கை மாற்றினார்கள்.

சாட்பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புரியாத படிவத்தை எளிய மொழியில் விளக்கச் சொல்லுங்கள், நன்றாகவே செய்யும். தேதி, வாக்குச்சாவடி, என்ன அடையாள அட்டை என்பதை மட்டும் ஆணையத்தின் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். ரெண்டு நிமிட வேலை.