பாரம் மட்டும் காரணம் இல்லை
உடல் பருமன் டிஸ்கை, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டைத் தேய்ப்பதற்கு, முதுகின் மேல் ஏறும் பாரம்தான் ஒரே காரணம் என்று இங்கே வந்த கட்டுரை முடித்துவிடுகிறது, அதில் எனக்குச் சந்தேகம். மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் 20 கிலோ குலைகளைத் தூக்கித் தூக்கிப் போட்ட என் மாமா 60 தாண்டியும் நிமிர்ந்துதான் நடக்கிறார். லோரி ஓட்டும் அவர் மகனுக்கோ, தொப்பையும் சேர்ந்து, 40 வயதுக்குள் டிஸ்க் பிதுங்கிக் கால் மரத்துப்போனது (உட்கார்ந்தே ஓட்டுவதற்கும் அதில் பங்கு இருக்கும், மறுக்கவில்லை). சுமைதான் எல்லாம் என்றால் கணக்கு உதைக்கிறதே? வளர்ந்தவர்களின் டிஸ்குக்குள் ரத்தக்குழாய் கிட்டத்தட்ட கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடுகள் வழியாகக் கசிந்து வரும் சத்தை நம்பித்தான் அது பிழைக்கிறது. வயிற்றுக் கொழுப்போ சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. லெப்டின் என்ற ஹார்மோன், இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் போன்றவற்றைச் சுரந்து உடம்பெங்கும் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது, டிஸ்க் செல்களும் அதில் மாட்டிக்கொள்கின்றன. 2012-இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்றில் 2,599 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, எடை கூடியவர்களிடம் தேய்மானமும் கூடியிருந்தது. பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு, ஃபின்லாந்து இரட்டையர் ஆய்வுகள் அதைத்தான் காட்டின. அப்புறம், எடை குறைத்தால் டிஸ்க் பழையபடி ஆகிவிடும் என்று கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகாதுங்க, தேய்ந்தது திரும்பாது; வலி குறையலாம், மேற்கொண்டு தேய்வது மட்டுப்படலாம். அதற்கே ராத்திரி பத்து மணிக்கு ‘மாமாக்’ எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையின் ரொட்டி சானாயையும் (பரோட்டா மாதிரி) தே தாரேக்கையும் (ஆற்றிய பால் தேநீர்) விட வேண்டும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் அது நடக்கிற காரியமா?