நல்லா வந்தா கேமரா, நாசமாப் போனா நான்

கேமராப் பொத்தானைப் பாதி அழுத்த வேண்டும், பீப் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் முழுசாக அழுத்த வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். மலையைப் பெயர்த்து வைக்கச் சொல்லவில்லை.

நாலு வருடமாக வீட்டில் யார் கூடினாலும் படம் எடுப்பது நான்தான். அதனாலேயே நாலு வருடமாக எந்தப் படத்திலும் நான் இல்லை. எங்கள் ஆல்பத்தை வெளியாள் ஒருவர் புரட்டினால் நாலு வருடத்துக்கு முன்பே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்றுதான் முடிவு கட்டுவார். சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கிறார்களே, ஒரே ஒரு படத்தில் நானும் ஓரமாக நின்றுகொள்கிறேன் என்று ஆசைப்பட்டுக் கேமராவைச் சித்தப்பா கையில் கொடுத்தேன்.

கொடுக்கும் முன்னால் நான் செய்து வைத்த ஏற்பாட்டைக் கேளுங்கள். மொத்தம் 11 பேர், இரண்டு வரிசை, நல்ல நிழல், பின்னால் தள்ளி ஒரு செடிவேலி. 35 மில்லிமீட்டர் லென்ஸ். வெளிச்சம் நுழைகிற துளையான அப்பர்ச்சரை எஃப்/4இல் வைத்தேன், முன்வரிசையும் பின்வரிசையும் தெளிவாக வரும், வேலி மட்டும் லேசாகக் கரையும். அந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் 1/250 நொடி திறந்தால் போதும் என்று கேமரா காட்டியது, குழந்தை குறுக்கே ஓடினாலும் ஓரளவு தாங்கும். ஃபோகஸ் புள்ளியை நடுவில் நிறுத்தினேன். அவர் நிற்க வேண்டிய இடத்தில் செருப்பால் தரையில் ஒரு கோடு கூடக் கிழித்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றி, என் சட்டையில் பை இல்லாததால், அவர் சட்டைப்பையில் போட்டேன். “சித்தப்பா, நடுவில சின்னதா ஒரு கட்டம் தெரியுது பாருங்க, அதை யார் முகத்திலயாவது வைங்க, பாதி அழுத்துங்க, பீப் வரும், அப்புறம் முழுசா அழுத்துங்க.”

“நாங்க பார்க்காத கேமராவாடா, போய் நில்லு.”

அந்த இடத்திலேயே நான் கேமராவைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

முதலில், கோட்டில் நிற்கவில்லை. கோட்டுக்கு இரண்டடி பின்னால் போய் நின்றார். கண்ணை வைத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு வ்யூஃபைண்டர் இருக்கிறது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையையும் முழு நீளத்துக்கு நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, பாம்பைப் பிடித்தவர் மாதிரி கேமராவைத் தூரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். நடுக்கட்டம் யார் முகத்திலும் விழவில்லை. பெரியம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது, சரியாக அதற்குள் போய் விழுந்தது. பீப். கேமரா பொய் சொல்லவில்லை, அது ஃபோகஸ் பண்ணிவிட்டது, வேலியை. ஆறு படம். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த வேலியில் எந்த இலையைப் பூச்சி அரித்திருக்கிறது என்பது வரைக்கும் தெரிகிறது. முன்னால் நிற்கிற பதினொரு பேரும் கண்ணாடியைக் கழற்றி வைத்தவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கிறோம்.

இதோடு நிறுத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. “ஜூம் எங்கடா இருக்கு?” என்றார்.

“இதுல ஜூம் கிடையாது சித்தப்பா. ரெண்டடி முன்னால வாங்க, போதும்.”

“ஜூம் இல்லாத கேமராவா?”

இதைக் கேட்ட குரல் இருக்கிறதே, சக்கரம் இல்லாத வண்டியை யாரோ என் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிற மாதிரி. மற்ற பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரைம் லென்ஸ் என்றால் என்ன, ஒரே குவியத்தூரத்துக்கென்று செய்வதால் அதே எடைக்குள் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விட முடிகிறது என்றெல்லாம் இரண்டாம் வரிசையில் நின்றுகொண்டு நான் வகுப்பெடுக்கவா முடியும்? “இல்லை சித்தப்பா” என்றேன். அவர் நம்பவில்லை. திரையில் இரண்டு விரலை வைத்து விரித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பல்சக்கரம் தட்டுப்பட்டது. கண்டுபிடித்துவிட்டார் மனிதர்! திருகினார். படம் கிட்டே வரவில்லை. இன்னும் திருகினார். இரண்டடி முன்னால் வருவதற்குக் கடவுள் கால் கொடுத்திருக்கிறார், ஆனால் அவருக்குச் சக்கரம்தான் வேண்டும். ஒரு திருப்பத்துக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் என்று பதினைந்து திருப்பு. எஃப்/4இல் இருந்த அப்பர்ச்சர் 5.6, 8, 11, 16 என்று தாண்டிப் போய் எஃப்/22இல் முட்டிக்கொண்டு நின்றது. எண் ஏற ஏறத் துளை சுருங்கும், ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் பாதியாகும். ஐந்து ஸ்டாப். உள்ளே வருகிற வெளிச்சம் 32இல் ஒரு பங்கு. பாவம் கேமரா என்ன செய்யும், படம் கறுத்துவிடக் கூடாதே என்று ஷட்டரை 1/250இலிருந்து 1/8க்கு இறக்கிவிட்டது.

எனக்கு அது நின்ற இடத்திலிருந்தே கேட்டது. அதுதான் கொடுமை. ‘ச்சக்’ என்று வந்துகொண்டிருந்த சத்தம் ‘ச்ச... க்’ என்று இழுத்தது. கேமரா வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த இழுவை வயிற்றைக் கலக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது லென்ஸின் குவியத்தூரம் எத்தனை மில்லிமீட்டரோ நொடியில் அத்தனையில் ஒரு பங்குக்குக் கீழே ஷட்டரை இறக்காதே என்று பழைய கணக்கு ஒன்று உண்டு, என் கேமராவில் வெளிச்சத்தைப் படமாக்குகிற சென்சாரின் அளவுக்கு அந்த 35ஐ ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய 1/50 வரும். அவர் 1/8இல் எடுக்கிறார். அதுவும் கையை நீட்டி. அதுவும் பொத்தானை அழுத்தவில்லை, மூட்டைப்பூச்சி நசுக்குவது மாதிரி குத்துகிறார். “சித்தப்பா, அந்தச் சக்கரத்தை...” என்று நான் வாயைத் திறந்தால், “நீ அசையாம நில்லுடா, நீதான் படத்தைக் கெடுக்கிற” என்று அதட்டல் வேறு. ஒன்பது படம். 1975இல் கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தபோது ஒரு படத்தைக் கேசட்டில் பதிய அதற்கு 23 நொடி பிடித்ததாம். பத்தாயிரம் பிக்சல்தான், கறுப்பு வெள்ளைதான். இருந்தாலும் அந்தப் படத்தில் ஓர் உருவமாவது தெரிந்திருக்கும்.

கடைசியில் திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “கேமராவில ஏதோ கோளாறுப்பா.”

கோளாறு. கேமராவில்.

சொல்லிவிட்டு, மெதுவாக, ஒரு மந்திரவாதியின் நிதானத்தோடு பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார். ஒரே ஒரு தட்டு. படம் பளிச்சென்று வந்துவிட்டது. மற்ற பத்துப் பேரும் ஓடிப் போய் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். “பாருடா, இதுக்குப் போய் அவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்கிக்கிட்டுத் திரியிற” என்று பெரியம்மா சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தப் போனுக்குள் நடந்தது யாருக்காவது தெரியுமா? அதன் சென்சார் விரல் நகத்தைவிடச் சிறிசு, லென்ஸின் உண்மையான குவியத்தூரமே சில மில்லிமீட்டர்தான், அதனால் பெரியம்மாவில் தொடங்கி வேலி வரைக்கும் எல்லாமே ஃபோகஸில்தான் இருக்கும், தப்ப வேண்டும் என்று நினைத்தாலும் தப்பாது. முகத்தை அதுவே தேடிப் பிடித்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் பல படம் எடுத்து, அதுவே ஒன்றோடொன்று பொருத்திச் சேர்த்து, இருட்டை ஏற்றி வெளிச்சத்தை இறக்கி ஒரே படமாக்கிக் கொடுத்தது. சித்தப்பா செய்த வேலை விரலை வைத்தது. அவருக்குக் கைதட்டு.

அட, நன்றாக எடுக்கத் தெரியாது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கு ஒரே பக்கமாகவா ஓட வேண்டும்? போன மாதம் இதே சித்தப்பா எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற அம்மா படத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருக்கிற படம். கண்ணை இடுக்கி நாலு தடவை பார்த்துவிட்டு, “நல்ல கேமரா போலிருக்கே” என்றார். அந்த ஜன்னலில் காலையில் கொஞ்ச நேரம்தான் வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டாக விழும், அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. மேலே எரிகிற விளக்கை அணைக்காவிட்டால் முகத்தில் ஒரு பாதிக்கு ஒரு நிறம், மறு பாதிக்கு வேறு நிறம் என்று போகும், அணைத்தேன். பின்னால் இருட்டான சுவர், கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பார்க்கும், அதன் இஷ்டத்துக்கு விட்டால் சுவர் வெளுத்து அம்மா முகம் சுண்ணாம்பாகிவிடும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தேன். அப்புறம், நான் அங்கே இருக்கிறேன் என்பதை அம்மா மறக்கிற வரைக்கும் காத்துக் கிடந்தேன். இத்தனையும் எதில் எடுத்தது தெரியுமா? பழைய கேமரா. கூடவே வந்த கிட் லென்ஸ். 12 மெகாபிக்சல்.

நல்லா வந்தா கேமரா, நாசமாப் போனா நான். எந்த ஊர் நியாயம் இது?

சரி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. முதல் இரண்டு வருடம் நானும் சித்தப்பா கட்சிதான். வீட்டுக்குள் ஓடுகிற குழந்தை படமெல்லாம் இழுவையாக வருகிறதே என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். ஒருத்தராவது “ஷட்டர் எவ்வளவு வைத்தாய்?” என்று கேட்க வேண்டுமே! “பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வாங்கு” என்றார் ஒருவர். “அந்தக் கம்பெனியை விட்டு இந்தக் கம்பெனிக்கு வா” என்றார் இன்னொருவர், மதம் மாறச் சொல்வது போல. நான் எடுத்தது 1/60இல். ஓடுகிற குழந்தைக்கு 1/500 வேண்டும், அதற்கு எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். கிட் லென்ஸை முழுக்க நீட்டினால் எஃப்/5.6, அதற்குப் பதில் எஃப்/1.8 லென்ஸ் மாட்டினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். அந்த ஒன்றை வாங்கியது மட்டும் உருப்படி. அந்தக் கணக்கு புரிவதற்கு முன்னால் 12 மெகாபிக்சலைத் தூக்கிப் போட்டுவிட்டு 24 வாங்கினேன், படம் இரண்டு மடங்கு துல்லியமாகிவிடும் என்று. நீளத்தில் 1.4 மடங்கு, அகலத்தில் 1.4 மடங்கு, அவ்வளவுதான் கூடுகிறது. அதே இழுவை முகம், இப்போது இழுவை இன்னும் விவரமாகத் தெரிகிறது. பை மூன்று. ஃபில்டர் ஒரு டப்பா. ட்ரைபாட் ஒன்று.

“ட்ரைபாட் இருக்கிறதே, டைமர் வைத்து எடுத்திருக்கலாமே” என்று கிளம்பி வருவீர்கள். அது வீட்டில் இருந்தது. நான் அங்கே இருந்தேன். எப்போதுமே அப்படித்தான்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கிற டயலில் பச்சையாக ‘ஆட்டோ’ என்று ஒன்று இருக்கிறது. அதில் வைத்துக் கொடுத்திருந்தால் கேமராவே முகத்தைத் தேடியிருக்கும், சக்கரத்தைத் திருகினாலும் அப்பர்ச்சர் ஓடியிருக்காது, இந்தப் பதினைந்து படமும் பிழைத்திருக்கும். தெரியும். ஆட்டோவில் வைத்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று... அங்கே இருந்த பதினோரு பேரில் அந்த டயலில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

நேற்று ராத்திரி பதினைந்தையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். முதல் படத்தில் என் வாய் திறந்திருக்கிறது. இரண்டாவதிலும். ஏழாவதில் வாயோடு கையும் தூக்கியிருக்கிறேன். பதினொன்றில் நான் ஆளே இல்லை, ஒரு பேய் மாதிரி முன்னால் பாய்கிற ஓர் இழுப்பு. சரி, சித்தப்பா போனில் எடுத்த அந்தப் பொன்னான படத்தையாவது பார்ப்போம் என்று திறந்தேன். எல்லாரும் அழகாகச் சிரிக்கிறார்கள். ஒரு மூலையில் நான், கண்ணை மூடிக்கொண்டு, வாய் ‘பா’ என்று திறந்தபடி. ‘பாதி அழுத்துங்க’வில் வருகிற ‘பா’. நாலு வருடத்துக்கு அப்புறம் என் முகம் பதிந்த ஒரே படம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தூங்குகிறவர்கள் எழுந்து என்னவென்று கேட்கிற அளவுக்கு.

காலையில் சித்தப்பாவே கூப்பிட்டார். அந்தப் படத்தை மூன்றடி அகலத்துக்குப் பெரிசாக்கிச் சட்டம் போட்டுத் தரணுமாம், “உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே” என்றார். நெஞ்சு நிறைந்துவிட்டது. அனுப்பும்போது செயலி சுருக்கியதில் என்னிடம் இருப்பது 1600 பிக்சல் அகலம், நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 என்று வைத்தால் ஐந்தே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், மூன்றடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 44 பிக்சல்தான், பெரியம்மா முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். “ஒரிஜினலை அப்படியே அனுப்புங்க சித்தப்பா” என்றேன்.

“அதை அழிச்சிட்டேனேடா, போன்ல இடமில்லைன்னு வந்துச்சு.”

கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை.

“ஆங், கேட்கணும்னு நினைச்சேன். வட்டமா கறுப்பா ஒரு மூடி என் சட்டைப்பையில கிடந்துச்சு, எதோடதுன்னு தெரியல. பாப்பா அதைப் பொம்மைக்குத் தட்டுன்னு எடுத்து வச்சிருக்கா, கேட்டா அழுறா. உனக்கு அது ஒண்ணும் வேண்டியதில்லையே?”