ஜூலிக்காக நின்றுபோன ஆஸ்லோ

'தி வொர்ஸ்ட் பெர்சன் இன் தி வேர்ல்ட்' படத்தை நேற்று ராத்திரி இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். யோவாகிம் ட்ரியர் இயக்கி 2021-இல் வந்த நார்வே படம். முதல் தடவை எனக்கு அதன் நாயகி ஜூலி மேல் கோபம்தான் வந்தது. மருத்துவம் படிக்கப் போகிறாள், அதை விட்டு உளவியல், அதையும் விட்டுக் கேமராவைத் தூக்குகிறாள். காதலன் ஆக்செலோடு வாழும்போதே ஐவிண்ட் என்ற இன்னொருவன் பக்கம் மனசு போகிறது. இந்தப் பெண்ணுக்கு என்னதான் வேண்டும் என்று எல்லோரையும் போல நானும் கேட்டேன்.

இந்த முறை வேறு ஒன்று கண்ணில் பட்டது. அவளை விரட்டுவது காலம். ஆக்செல் அவளைவிட நிறைய மூத்தவன், படக்கதை வரைந்து பெயர் வாங்கிவிட்டவன், அடுத்து குழந்தை வேண்டும் என்கிறான். அவளுக்கோ இன்னும் எதுவுமே ஆரம்பிக்கவில்லை.

அம்மா வீட்டில் அவளுடைய 30-வது பிறந்தநாள். முதுகுவலி என்று சொல்லி அப்பா வரவில்லை. அங்கே அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று ஒவ்வொருத்தியும் 30 வயதில் எப்படி இருந்தாள் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது. கடைசியாக வருபவள் 30-ஐத் தொடவே இல்லை. அவர்களுக்குக் கிடைக்காத அத்தனை வழிகளும் ஜூலிக்குத் திறந்து கிடக்கின்றன. எதில் போனாலும் மற்றது போய்விடுமே என்ற பயத்தை நான் நன்றாக அறிவேன்.

அப்புறம் அந்த விளக்கு ஸ்விட்ச். சமையலறையில் அதைத் தட்டுகிறாள், காபி ஊற்றிக்கொண்டிருந்த ஆக்செல் அப்படியே நின்றுவிடுகிறான். ஆஸ்லோ தெருவில் சைக்கிள், கார், மனிதர்கள் எல்லாம் நிற்க, அவள் மட்டும் சிரித்துக்கொண்டே ஐவிண்ட் வேலை செய்யும் காபிக் கடைக்கு ஓடுகிறாள். பலருக்கு இது காதல் காட்சி. எனக்கு, கடிகாரம் இல்லாமல் அவளுக்குக் கிடைத்த ஒரே நாள்.

ஆக்செலுக்கு அப்படி ஒரு நாள் கிடைப்பதில்லை. கணையப் புற்றுநோய். ஜூலி பார்க்கப் போகும்போது காதில் ஹெட்போனோடு வெறுங்காற்றில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருக்கிறான். எதிர்காலம் தீர்ந்துபோனவன் பழைய படங்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். உன் நினைவிலும் என் படைப்பிலும் வாழ வேண்டாம், என் வீட்டில் உன்னோடு வாழ வேண்டும் என்று அவன் சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். அவனாக நடித்த ஆண்டர்ஸ் டேனியல்சன் லீ நிஜத்தில் மருத்துவரும்கூட. ஜூலியாக வாழ்ந்த ரெனேட் ரெய்ன்ஸ்வேக்கு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது, முழுக்கத் தகும். லீக்கும் ஒன்று கொடுத்திருக்கலாம்.

முடிவில் ஐவிண்டை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், வேறொருத்தியோடு, கையில் குழந்தையோடு. ஜூலிக்குக் கிடைத்த தண்டனை இது என்றாள் என் தோழி. இல்லவே இல்லை. வீட்டுக்குப் போய், அன்று எடுத்த புகைப்படங்களைத் திருத்த உட்காருகிறாள். அதுவரை அவள் இவ்வளவு அமைதியாக எதிலும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.