ஊர்ப் பாசம்தான், அதனாலென்ன?

பிடித்த நாவல் எது என்று கேட்டால் எனக்கு யோசிக்கத் தேவையில்லை. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. அண்மையில் ஒரு கலியாண வீட்டில் இதைச் சொன்னபோது, நிறைய வாசிக்கிற அண்ணை ஒருவர், "அது ஊர்ப் பாசம் தம்பி. இலக்கியமெண்டு பாத்தால் அதைவிடத் திறமானது எவ்வளவோ கிடக்கு" என்றார். சபையில் மறுத்துக் கதைக்க விருப்பமில்லாமல் விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன். ஊர்ப் பாசம்தான். அதில் என்ன குறை?

1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த புத்தகம். எழுதியவர் வன்னியில் முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்றுக்காரர், கதை நடப்பது அதே பக்கத்துத் தண்ணிமுறிப்பில். அதுவரை நான் வாசித்த கதைகளில் தஞ்சாவூர் வயல் வந்தது, மதராஸ் தெரு வந்தது, மிஞ்சிப்போனால் யாழ்ப்பாணத்து வேலியும் படலையும் வந்தன. எங்கட குளமும் காடும் அச்சில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதைக் காதால்தான் முதலில் வாசித்தேன். தொண்ணூறுகள், போர்க்காலம், மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு. சித்தி சத்தமாக வாசிப்பா, நாங்கள் சுற்றியிருந்து கேட்போம். கதையின் நாயகன் கதிராமன் காட்டுக்குள் இறங்கினால் போதும், அம்மப்பா "பொறு பிள்ளை" என்று மறித்துவிடுவார். வேட்டைக்குப் போய்வந்த மனிசன். அவன் எந்தப் பக்கத்தால் போயிருப்பான், காற்று எங்காலிருந்து அடித்திருக்கும் என்று தன்ரை கதையைத் தொடங்குவார். சித்தி விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடி காத்திருப்பா.

அட்டை கழன்று, சாக்கூசியால் தைத்து, கலண்டர் தாளில் உறை போட்ட பிரதி அது. முதல் பக்கத்தில் சித்தியின் பெயர், அதற்குக் கீழே இரவல் வாங்கியவர்களின் பெயர்கள். 2009இல், போரின் கடைசியில், உடையார்கட்டில் விட்டுவந்த சாமான்களோடு அதுவும் போயிற்று. பிறகு வேறு பிரதி கிடைத்தது. ஈழத்துப் புத்தகங்களைச் சேர்த்து வைக்கிற 'நூலகம்' இணையத்தளத்திலும் வாசிக்கலாம். 2005 தொட்டு அவர்கள் செய்துவரும் வேலைக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். ஆனாலும் அம்மப்பா மறித்த இடங்கள் வரும்போது இப்பவும் என் வாசிப்பு ஒருக்கா நின்றுதான் போகிறது.

வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற இடத்தை வாசித்துவிட்டு, அந்த ஏரியைப் பார்க்கவென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் கல்கியைப் பிடிக்கும். அவர்களை ரசிகர்கள் என்று மதிக்கிற நாங்கள், தண்ணிமுறிப்புக் குளக்கட்டில் போய் நிற்கிறவனையும் அப்படியே மதிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1984இல் போரால் தண்ணிமுறிப்பிலிருந்து சனம் இடம்பெயர்ந்தது. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஊரை எதைக் கொண்டு காட்டுவது? காணி உறுதியில் நாலு எல்லையும் எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள் இருந்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது நாவலில்தான் இருக்கிறது. ஒரு ஊர் கலைந்த பிறகும் அதன் புத்தகத்தைப் பிடித்து வைத்திருக்கிற பாசத்தை, இலக்கிய ரசனைக்குக் கீழே வைக்க என்னால் முடியாது.

எங்கட பக்கத்து நூலகங்களில் வினாத்தாள் தொகுப்புகளுக்கு முழு றாக்கை கிடைக்கிறது. சோதனை முக்கியம்தான், நானும் படிப்பிக்கிறவன். அதோடு வன்னியில் நடக்கிற கதைகளுக்கும் ஒரு தட்டு வேண்டும். பாலமனோகரனின் 'நிலக்கிளி', 'குமாரபுரம்', செங்கை ஆழியானின் 'காட்டாறு' என்று தொடங்கலாம்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 'நிலக்கிளி'யை இரவல் வாங்கிப் போனாள். திருப்பித் தரும்போது, கதையின் நாயகியைப் பற்றி, "பதஞ்சலி இவ்வளவு வெகுளியா இருந்திருக்கக் கூடாது சேர்" என்று என்னோடு நல்லாச் சண்டை பிடித்தாள். சண்டை முடிய, "இவர் எழுதின மற்றப் புத்தகம் இருக்கோ?" என்று கேட்டாள். அவளுக்காகக் 'குமாரபுர'த்தின் அச்சுப் பிரதி தேடுகிறேன். வைத்திருக்கிறவர்கள் இரவலாகத் தந்தாலும் போதும், உறை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.