ரீகால் கடிதம் வந்தாச்சு, பார்ட்ஸ்தான் வரலை

"ஏர்பேக் இன்ஃப்ளேட்டரில் குறை, உடனே வாங்க"ன்னு கார் கம்பெனிகிட்டேருந்து கடிதம் வரும். குறையுள்ள வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்யறதுதான் ரீகால்; மோதும்போது ஏர்பேக் பையை ஊதிவிடுற பாகம் இன்ஃப்ளேட்டர். காட்பாடி ரோடு டிராஃபிக்கைத் தாண்டி சர்வீஸ் சென்டருக்குப் போனா, "பார்ட்ஸ் வரலை சார், வந்ததும் கூப்பிடறோம்." இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க மட்டும் தவறாமக் கூப்பிடுவாங்க!

தகாட்டாங்கற ஏர்பேக் கம்பெனியோட இன்ஃப்ளேட்டர்ல, பையை ஊத எரியுற ரசாயனமா இருந்தது அம்மோனியம் நைட்ரேட். வருஷக்கணக்கா ஈரமும் ஏறி இறங்குற சூடும் பட்டா அது கெட்டுப்போகும். அப்புறம் மோதும்போது அளவுக்கு மீறி வேகமா எரிஞ்சு, உலோகக் கூட்டை உடைச்சு, துண்டுகளை முகத்துல அடிக்கும். கத்திரியில 40 டிகிரி தாண்டுற வேலூர்ல, சத்துவாச்சாரி தெருவோரம் நிழலில்லாம நிக்கிற வண்டிக்கு "பொறுமையா இருங்க"ங்கறது ஒரு பதிலா?

வேலை பெருசில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, சில நிமிஷம் விட்டு, ஏர்பேக் மாட்யூலை எடுத்து மாத்தணும். இழுக்கிறது சப்ளைதான். வெடிக்கிற சமாச்சாரம், சாதாரண பார்சல்ல வராது, அது நியாயம். எப்ப வரும்னு ஒரு தேதி சொல்லக்கூடவா முடியாது?

ஆர்.சி.யில இருக்கிற 17 இலக்க சேஸிஸ் நம்பரைக் கம்பெனி தளத்துல போட்டுப் பாருங்க. அதுல ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது. பூஜ்யத்தை ஓ-ன்னு அடிச்சுட்டு "நம்ம வண்டி இல்லை"ன்னு நிம்மதியாகிடாதீங்க. செகண்ட்ஹேண்ட் வண்டின்னா கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும். ரீகால் வேலைக்குக் காசு கேட்டா கொடுக்காதீங்க. "பார்ட்ஸ் இல்லை"ங்கறதைத் தேதியோட ஜாப் கார்டுல எழுதி வாங்குங்க. வாய்வார்த்தைக்கு ரெக்கார்டு கிடையாது.